வளர்ந்த ஐயனார்

ஊருக்கு ஊர் ஐயனார் உண்டு. ஆனால் வளர்கிற ஐயனார் ஆலங்கொல்லையில் மட்டும்தான் உண்டு. பெண்ணாடம் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் ஓர் ஆலங்கொல்லைக்காரன் வாய்த்துவிட்டால், இறங்குவதற்குள் அந்தக் கதையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆதியில் கோயிலுக்குப் படியே கிடையாதாம், சாமி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் மெல்ல மெல்ல உயர ஆரம்பித்தாராம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், வயசானவர்கள் காலைத் தூக்கி வைக்க முடியாமல் தடுமாறுகிறபோது, ஊர் கூடிக் கீழே இன்னொரு படி கட்டும். அப்படிக் கட்டிக் கட்டி ஆறு படி ஆகிவிட்டது. இந்த ஆடியில் ஏழாவது.

நம்பாதவனுக்கு அத்தாட்சியும் வைத்திருந்தார்கள். பழைய படிக்கு அடியில் உள்ள கடைக்கால் செங்கல் வெளியே தெரியும்போதெல்லாம், "பாத்தீங்களா, படியையும் சேத்துத் தூக்கிக்கிட்டு எழுந்திருக்குது" என்பார்கள். யார் என்ன பதில் சொல்ல முடியும்? படி கட்டி முடிக்கிற கொத்தனார், அதன் அடியில் இரண்டு செங்கல்லை முன்பக்கமாக நீட்டி விடுவார். அடுத்த படி வந்து பிடித்துக்கொள்வதற்கு. "சாமி இன்னும் வளரட்டும்" என்று சொல்லித்தான் அந்தக் கல்லை வைப்பது. மேளக்காரர் அந்த நேரத்தில் கைவலிக்க அடிப்பார்.

அந்தக் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் ராஜாங்கம். அவருடைய மூத்த மகள் மோகனப்பிரியா மண்ணைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவள். சாமி எப்படி வளரும் என்று கல்லூரி நாளில் அவளுக்கும் ஒரு கேள்வி வந்தது உண்டு. சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். சொந்த ஊர்ப் பெருமையை யார் கிளறிப் பார்ப்பார்கள்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அவளுக்கு விருத்தாசலத்தில் வேலை. ஊறுகாய் ஜாடியும் பீங்கான் பொம்மையும் விற்கிற கடையின் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். சுற்றுவட்டார நிலங்களில் எது கெட்டுக்கொண்டு வருகிறது, எது இன்னும் இருபது முப்பது வருஷத்தில் பொட்டலாகிவிடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு திட்டம். அதற்கு முதல் வேலை, எதை அளப்பது என்று முடிவு செய்வது. குறிகாட்டி என்று அதற்குப் பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோமே, அதே மாதிரி நிலத்துக்கு எங்கே கை வைத்துப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் சேர்ந்து நாற்பதுக்குமேல் எழுதி வைத்திருந்தார்கள். மண்ணின் உப்பு, மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழை, கிணற்று நீர்மட்டம், மழை, ஆடுமாட்டு மேய்ச்சல், மேல்மண்ணின் ஆழம், வானத்திலிருந்து செயற்கைக்கோள் பார்க்கிற பச்சை. அத்தனையும் அளக்க ஆளும் இல்லை, காலமும் இல்லை. ஐந்தாறைப் பொறுக்க வேண்டும்.

பொறுக்குகிற இடத்தில்தான் சண்டை. திட்டத்துக்குத் தலைவர் ஆதிநாராயணன். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். மேல்மண் ஆழம் கட்டாயம் இருக்கவேண்டும் என்றார். மோகனப்பிரியா செயற்கைக்கோள் பச்சையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆயிரம் கிராமத்தைப் பார்க்கலாம், பதினைந்து வருஷத்துப் படம் கைவசம் இருக்கிறது, ஊர் ஊராக அலைய வேண்டாம் என்றாள். பச்சையெல்லாம் பயிர் இல்லை, சீமைக்கருவேலமும் பச்சைதான், போர்வெல் தண்ணீரும் யூரியாவும் கொட்டினால் கல்லின்மேல்கூடப் பச்சை வரும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ஆழம் பாக்கணும்னா ஊருக்கு ஊரு குழி வெட்டணும் சார். அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறப்போறதில்ல. மண்ணு எங்க சார் போயிடப்போவுது?"

அவர் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார். மேல்மண் ஆழத்தின்மேல் அவளே கோடு போட்டு அடித்தாள்.

படத்தைத் திறந்ததும் அவள் முதலில் தேடியது ஆலங்கொல்லையைத்தான். பதினைந்து வருஷமாகப் பச்சை கூடிக்கொண்டே வந்திருந்தது. கரும்பும் நெல்லுமாக, கிளி நிறத்தில் பளிச்சென்று இருந்தது ஊர். சுற்றி இருந்த ஊர்கள் எல்லாம் மங்கலாகக் கிடந்தபோது இது ஒன்று மட்டும் ஜொலித்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம்தான் தம்பி திருமால் போன் பண்ணினான். அவனோடு படித்தவர்கள் பாதிப்பேர் மங்கலம்பேட்டை ஏஜெண்டுகளைப் பிடித்து துபாய், குவைத் என்று போய்விட்டார்கள். இவன் மட்டும், கொல்லை இருக்கும்போது நான் ஏன் போகணும் என்று நின்றுவிட்டவன். அவனுக்கு இருப்பதெல்லாம் கோயிலுக்கு வடக்கே உள்ள ஒரே கொல்லை, வயலை அங்கே கொல்லை என்றுதான் சொல்வார்கள். அதை நம்பித்தான் பெண்டாட்டியும் கைப்பிள்ளையும்.

கொல்லையை ஒரு அடி இறக்கலாமா என்று கேட்டான். இந்த இறக்குகிற சங்கதியைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆலங்கொல்லைக்கு ஏரிப் பாசனம். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். ஒருவன் தன் கொல்லையில் மேல்மண்ணை வழித்துக் கொஞ்சம் பள்ளமாக்கினால் தண்ணீர் முதலில் அவனிடம் போகும். பக்கத்துக் கொல்லைக்காரன் பார்ப்பான், நமக்கு ஏறவில்லையே என்று அடுத்த கோடையில் அவனும் வழிப்பான். அவன் வழித்ததும் அதற்கடுத்தவன். சுற்றி வந்து முதல் ஆளிடமே நிற்கும், அவன் மறுபடியும் மண்வெட்டியை எடுப்பான். வழித்த மண் செங்கல் சூளைக்கும், ரோடு மேடாக்கவும், டவுனில் மனைக்கட்டு நிரப்பவும் போகும். அப்பன் காலத்தில் கூடையால் நடந்தது, இப்போது ஜேசிபியால் நடக்கிறது. எல்லோரும் சேர்ந்தே இறங்கியதால் வரப்புக்கு வரப்பு எல்லாம் சமமாகவே தெரிந்தது. வீடுகள் தள்ளி மேட்டில் இருந்தன. வீடென்றால் மேட்டில்தானே கட்டுவார்கள் என்று அதையும் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

"பக்கத்துல போன வருஷமே எறக்கிட்டாங்கக்கா. நம்ம கொல்ல மேடாயிட்டுது. நீ படிச்சவ, ஒரு தரம் பாத்துட்டுச் சொல்லு" என்றான் திருமால்.

அவள் படத்தைப் பார்த்தாள். அவன் கொல்லை நல்ல கரும்பச்சை.

"மண்ணு நல்லா இருக்குதுடா. தாராளமா எறக்கு" என்றாள்.

ஆடி வெள்ளி வந்தது. படி கட்டுகிற நாள். ஆதிநாராயணனும் அவளோடு கிளம்பினார். கெட்ட நிலத்தை அளக்க வேண்டுமானால் கெடாத நிலம் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், மண்வெட்டியே படாத மண்ணாக ஒரு சாண் கிடைத்தால் போதும் என்று அவர் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் ஐயனார் தோப்பு இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். கோயிலுக்குப் பின்னால் உள்ள அந்தத் தோப்பில் ஆள் நடமாட்டமே கிடையாது. சாமி குதிரை ஏறி வேட்டைக்குப் போகிற வழி அது, குறுக்கே போனால் ரத்தம் கக்குவார்கள் என்று ஊரில் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. கோயில் என்பதும் நாலு தூணும் ஓட்டுக்கூரையும்தான். சாமி போய்வரப் பின்பக்கம் சுவரில்லாமல் திறந்தே விட்டிருந்தார்கள். ஆனாலும் சாமிக்குப் பின்னால் நின்ற மண்குதிரைகளும் படர்ந்த கொடியும் எதையும் காட்டாது. கையெடுத்துக் கும்பிடுகிறவன் எட்டிப் பார்க்கவும் மாட்டான்.

மகள் கேட்டதும் ராஜாங்கம் தயங்கினார். பிறகு, சாமியையே கேட்டுவிடலாம் என்று பூ வைத்துக் கேட்டார். வலப்பக்கத்துப் பூ விழுந்தது, உத்தரவு கிடைத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, அவர் கொத்தனார் மாயவனுக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கப் போனார்.

பக்கவாட்டில் சாமிமேடு என்று ஊர் சொல்கிற கரை நின்றது. வேரைப் பிடித்துத்தான் ஏறவேண்டியிருந்தது. ஏறி நின்றதும் மோகனப்பிரியாவின் பாதம் மண்ணில் மெத்தென்று அமிழ்ந்தது. சருகு, அதற்கடியில் கறுத்த செம்மண், ஈரம். ஆதிநாராயணன் கம்பியைக் குத்தினார், முழுக் கம்பியும் உள்ளே போனது. இப்படி ஒரு மண்ணை இந்த வட்டாரத்தில் பார்த்ததே இல்லை என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

அவள் கோயில் பக்கம் நடந்தாள். கொடியை விலக்கினாள். மண்குதிரைகளைத் தாண்டினாள். ஐயனாரின் முதுகு தெரிந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தாள், சாமிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

படி ஏறவே இல்லை.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். சாமி உட்கார்ந்த கருங்கல்லின் பின்விளிம்பு தோப்பு மண்ணோடு மண்ணாகச் சமமாக இருந்தது. பீடமில்லை, மேடில்லை, ஒரு விரற்கடை உயரம்கூட இல்லை. இந்தப் பக்கம் திரும்பினாள். சாமிக்கு முன்னால் ஆறு படியும் சரசரவென்று கீழே இறங்கின. அடியில் மாயவன் ஏழாவதற்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கப்பால் கண்ணுக்கெட்டின வரைக்கும் கொல்லைகள், எல்லாம் அந்தப் பள்ளத்தில்.

சாமி வளரவில்லை. ஆதியில் எங்கே உட்கார்ந்தாரோ அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். தோப்பும் அப்படியே இருக்கிறது. அந்த உயரத்தில்தான் ஒரு காலத்தில் ஊரே ஏர் ஓட்டியிருக்கிறது. இப்போது கொல்லையில் நிற்கிறவனின் தலைக்கு நேராக, வெறும் காற்று இருக்கிற அந்த இடத்தில், மண் இருந்திருக்கிறது. ஆள் உயர மண். அதைக் காணோம். மண் எங்கே போய்விடப்போகிறது என்று கேட்டாளே, அந்த மண். கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை என்பார்கள். இந்த ஊர் புண்ணுக்குப் படி கட்டி, பூப்போட்டு, மேளமும் அடித்திருக்கிறது. அவள் வானத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

"சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே கரையின் விளிம்புக்கு வந்தாள்.

ஆதிநாராயணன் அதற்குள் கரைக்குக் கீழே உட்கார்ந்து அதன் முகத்தைக் கத்தியால் செதுக்கி, காலடியைக் கம்பியால் தோண்டியிருந்தார். மேலே கறுஞ்சிவப்பு, அதன் கீழே மஞ்சள், அதற்கும் கீழே சரளை. கரையின் காலடியில், கொல்லையின் இன்றைய தரைக்குக் கீழே ஒரு முழம்கூட இல்லாத ஆழத்தில், சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் கோடு. பீங்கான் களிமண். விருத்தாசலத்தில் கோப்பையும் ஜாடியும் செய்கிற அதே மண். அதில் புல்லும் முளைக்காது. அவர் கத்தியை மடக்கக்கூட மறந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு முழம்கூட இல்லை. தோண்டின மட்டில் அந்தக் கோடு வடக்குப் பக்கமாக மேலேறியிருந்தது, அங்கே அதுவும் இருக்காது. அப்போதுதான் அவளுக்குத் திருமாலின் நினைவு வந்தது. தாராளமாக இறக்கு என்று அவள் சொன்னதும் வந்தது.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வடக்கே கரும்புக்கு அப்பாலிருந்து இயந்திரம் உறுமுகிற சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பண்டிகை ஜெனரேட்டர் என்று நினைத்திருந்தாள். கரையிலிருந்து குதித்து ஓடினாள். காலில் செருப்பில்லை. கரும்பின் காய்ந்த சோகை இலை கிழித்ததுகூடத் தெரியவில்லை.

கரும்பைத் தாண்டினதும் கண் கூசியது. திருமாலின் கொல்லை, படத்தில் கரும்பச்சையாக இருந்த அந்தக் கொல்லை, வெள்ளை வெளேரென்று கிடந்தது. மாவு கொட்டின முற்றம் மாதிரி. நடுவே ஜேசிபி நின்று இன்னும் தோண்டிக்கொண்டிருந்தது. நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டிக்கொண்டே போனாள். டிரைவர் நிறுத்திவிட்டு இறங்கினார்.

திருமால் வரப்பில் நின்றிருந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"நேத்து சாயங்காலமே வெள்ளையா வந்துட்டுதுக்கா" என்றான். "கீழ நல்ல மண்ணு இருக்கும்னு இன்னும் கொஞ்சம் எறக்கச் சொன்னேன்."

நல்ல மண் மேலேதான் இருக்கும், கீழே இருக்காது என்பது மண்ணைப் பற்றி முதல் வருஷத்தில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். அதைத் தம்பிக்குச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. வழித்த மண் எங்கே என்று கேட்டாள். எங்கேயாவது குவித்து வைத்திருந்தால் திரும்பப் பரப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. டவுனில் யாரோ மனை நிரப்புகிறார்கள், லாரி லாரியாக நேற்றே போய்விட்டது, அதன்மேல் கட்டடத்துக்கு இன்று காலையிலேயே அஸ்திவாரமும் தோண்டிவிட்டார்கள் என்றான்.

டிரைவர் பாவம், நல்ல மனசோடு ஒரு கட்டியை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, இது பீங்கானுக்கு ஆகிற மண், கப்பு செய்தால் கண்ணாடி மாதிரி வரும் என்றார். அக்காள் தம்பி முகத்தைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

"நீ பாத்துட்டுத்தானக்கா சொன்ன?" என்றான் திருமால். குற்றம் சொல்லவில்லை அவன். அக்கா இன்னொரு தரம் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவாள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையிலும் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

கோயிலடியில் ஊர் கூடியிருந்தது. பொங்கல் பானைகள் வரிசையாக இருந்தன. மேளக்காரர் தோலைத் தணலில் காட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் வெள்ளைக் காலோடு வந்ததைப் பார்த்ததும் ராஜாங்கம் மாலையைக் கீழே வைத்தார். மோகனப்பிரியா அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள். திருமால் கொல்லையைச் சொன்னாள், தன் வாயால் இறக்கச் சொன்னதைச் சொன்னாள், பிறகு சாமியைச் சொன்னாள். சாமியைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் கடுகடுத்தது. படித்துவிட்டால் எதை வேண்டுமானாலும் பேசலாமா என்றார்.

"பின்னால போயி நில்லுங்கப்பா. நான் ஒண்ணும் சொல்லல. நின்னு பாருங்க போதும்."

ராஜாங்கம் அறுபது வருஷமாக அந்தக் கோயிலைக் கும்பிட்டவர். ஒரு தரம்கூடப் பின்பக்கம் போனதில்லை. ரத்தம் கக்கினாலும் பரவாயில்லை என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆதிநாராயணன் கைகொடுக்கக் கரையேறிப் போனார். ஊர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் சருகுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கொடி அசைந்தது. படியில் ஒரு காலும் வைக்காமல், வீட்டுக்குள்ளிருந்து கூடத்துக்கு வருகிற மாதிரி, ராஜாங்கம் ஐயனாருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

கூட்டத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை.

அவர் சாமியின் காலடியைப் பார்த்தார். பின்னால் தோப்பைப் பார்த்தார். அப்புறம் கீழே, தன் ஜனங்களைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தபோது எல்லோரும் ஒரு வெட்டின குளத்துக்குள் நிற்கிறது போலத் தெரிந்திருக்க வேண்டும்.

"சாமி அங்கயேதான் இருந்திருக்குது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

படி கட்டாமல் விடவும் முடியவில்லை. கோயிலுக்கு முன்னால் உள்ள களத்தையும் வழக்கம்போல இந்த வருஷம் கொல்லை மட்டத்துக்குச் சீவியிருந்தார்கள். ஆறாவது படிக்குக் கால் எட்டாமல் ஒரு கிழவி நெடுநேரமாகத் தேங்காய்த் தட்டோடு கீழேயே நின்றுகொண்டிருந்தாள். அதனால் மாயவன் கட்டினார். சுண்ணாம்புக் கரண்டி கல்லில் உரசுகிற சத்தம் ஒன்றுதான் கேட்டது. மேளக்காரர் அடிக்கவா வேண்டாமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் குச்சியை மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசி வரிசை முடிந்ததும், கை பழக்கத்தில் மாயவன் இரண்டு செங்கல்லை எடுத்தார். முன்பக்கம் நீட்டி வைக்கப் போனவர் நின்றுவிட்டார்.

"அண்ணே, அடுத்த படிக்குக் கல்லு நீட்டி வுடட்டுங்களா?" என்று மேலே பார்த்துக் கேட்டார்.

ராஜாங்கம் திருமாலின் காலைப் பார்த்தார். முழங்கால்வரை அப்பியிருந்த வெள்ளை, வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னும் எறங்கறதுக்கு மண்ணு எங்கப்பா இருக்குது?" என்றார்.

மாயவன் இரண்டு கல்லையும் தரையில் வைத்தார்.